டிரில் மாஸ்டரின் படிப்பு

எங்கள் வாசுதேவநல்லூர்ப் பக்கம் டிரில் மாஸ்டர் என்றால் ஒரு விசில், ஒரு பிரம்பு, காலையில் ஓர் 'அட்டென்ஷன்'. அவரைப் படிக்கிற ஆளாக யாரும் நினைப்பதில்லை. பரீட்சை நெருங்கினால் அவர் பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். எனக்கோ, பள்ளிக்கூடத்தில் படிப்பை நிறுத்தவே முடியாதவர் அவர்தான் என்று படுகிறது. பழைய நோட்டை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் வரலாறு நடத்திவிடலாம். ஓட்டத்தில் மாஸ்டருக்குத் தெரியாததை ஸ்டாப்வாட்ச் காட்டிக்கொடுத்துவிடும்.

ஓட்டப் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியாரையே எடுத்துக்கொள்ளுங்கள். விமானப்படையில் இருந்தவர். பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு முடித்தவர். கண்ணூரில் அவர் வளர்த்த பி.டி. உஷா, 1982 டெல்லி ஆசியப் போட்டியில் 100, 200 மீட்டர் இரண்டிலும் வெள்ளி வாங்கியாயிற்று. அதோடு நின்றிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முதலாகச் சேர்ந்தது. ஐம்பதைத் தாண்டிய நம்பியார் உஷாவை அதன் பக்கம் திருப்பினார். பத்துத் தடைகள், முதலாவதுக்கு 45 மீட்டர், பிறகு 35 மீட்டருக்கு ஒன்று. இடையில் எத்தனை காலடி என்பதுதான் கணக்கே. களைப்பில் காலடி குறுகும். ஒன்று கூடுதலாக வைத்தால் தாண்டும் கால் மாறிப்போகும். வேகத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தவருக்கு இது வேறு பாடம். ஒலிம்பிக் இறுதி ஓட்டத்தில் உஷா 55.42 விநாடி, வெண்கலம் வாங்கிய மூன்றாமவர் 55.41. அந்த நூறில் ஒரு பங்கை நினைத்து நாடே இன்னும் பெருமூச்சு விடுகிறது. அந்த வயதில் புதுப்பாடம் எடுத்த வாத்தியாரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அயர்லாந்திலிருந்து 1976-ல் கென்யாவின் இட்டென் ஊருக்குப் புவியியல் வாத்தியாராகப் போன கொல்ம் ஓகானலுக்கோ ஓட்டத்தில் ஒரு சான்றிதழும் கிடையாது. ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்தே கற்றார். அவரிடம் பயின்ற டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் உலக சாதனை படைத்தார்.

ஆசிரியர்கள் முன்பெல்லாம் ஊக்க ஊதியத்துக்காகத் தபாலில் எம்.ஏ. எழுதியதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை, அது குடும்பப்பாடு. ஆனால் அந்தப் படிப்பு சம்பளம் ஏறியதும் படுத்துவிடும். நம்பியார்களின் படிப்போ இன்னொருவர் காலைப் பார்த்துப் பிறந்தது. அந்தப் பிள்ளை ஓடுகிற வரை இவருக்கும் ஓய்வில்லை.

ரிட்டயராகி, "இனி எதையாவது படிக்கலாம்னு இருக்கேன், எதைப் படிக்க?" என்று கேட்டு வருகிறவர்களிடம், "யாருக்குச் சொல்லிக்கொடுக்கப் போறீக?" என்று கேட்கிறேன். பாதிப்பேர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.