ஆபத்துக்குப் பாவமில்லையா? சோவியத் அரசும் உள்நாட்டுப் போரும்

1917 நவம்பரில் பெத்ரோகிராத் நகரில் ஆட்சியைப் பிடித்த போல்ஷெவிக்குகளிடம் அரசைப் பற்றிய ஒரு கனவு இருந்தது. சில மாதங்களுக்கு முன் தலைமறைவாக இருந்தபோது லெனின் எழுதிய 'அரசும் புரட்சியும்' நூலில் அது விரிவாக உள்ளது. மக்களிலிருந்து பிரிந்து நிற்கும் நிரந்தரப் படை இராது. அதிகாரிகளை மக்களே தேர்ந்தெடுப்பார்கள், வேண்டாதபோது திருப்பி அழைப்பார்கள். தொழிலாளியின் கூலியைவிட எந்த அதிகாரிக்கும் கூடுதல் ஊதியம் கிடையாது. ஆட்சி கைமாறிய மறுநாளே, தொழிலாளர், படைவீரர் பேரவைகளான சோவியத்துகளின் இரண்டாவது மாநாடு, போர்முனையில் முந்தைய கெரென்ஸ்கி அரசு மீண்டும் கொண்டுவந்திருந்த மரண தண்டனையை ரத்து செய்தது. ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் கழித்து, 1921 மார்ச்சில், அதே ஆட்சியிடம் பல லட்சம் பேர் கொண்ட கட்டாய ஆள்சேர்ப்புப் படையும், விசாரணையின்றிச் சுட்டுக்கொல்லும் அதிகாரம் செலுத்திய செக்கா என்ற இரகசியக் காவலும் இருந்தன. நாட்டின் பெரிய முடிவுகளை ஐந்து பேர் கொண்ட ஓர் அரசியல் தலைமைக்குழு எடுத்தது. இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையில் கிடப்பது உள்நாட்டுப் போர்.

ஆபத்துக்குப் பாவமில்லை என்பது பழைய சொல். வீடு பற்றி எரியும்போது அடுத்த வீட்டுக் கிணற்றில் அனுமதி கேளாமல் நீர் இறைப்பவனை யாரும் திருடன் என்று சொல்வதில்லை. ஆனால் நெருப்பு அணைந்த பிறகும் அந்தக் கிணற்றுக்கு அவன் வேலி போட்டுக்கொண்டால், முன்பு செய்ததன் பொருளும் மாறிவிடுகிறது. சோவியத் அரசின் அதிகாரக் குவிப்பை எடைபோட இந்த வேறுபாடே அளவுகோல். எது போருக்கு முன்பே தொடங்கியது, எது போரின் நெருக்கடியில் பிறந்தது, எது போர் முடிந்த பின்னும் நீடித்தது என்று பிரித்துப் பார்க்காத தீர்ப்பு எதுவும் நேர்மையானதாகாது.

ஆபத்து கற்பனையல்ல. 1918 மே மாதம் சைபீரிய இருப்புப்பாதை நெடுகிலும் இருந்த செக்கோஸ்லோவாக்கியப் படைப்பிரிவினர் கிளர்ந்தெழுந்தனர். வோல்காவுக்குக் கிழக்கே சோவியத் ஆட்சி மளமளவென்று சரிந்தது. ஆர்க்காங்கெல்ஸ்கில் பிரிட்டிஷ் படை இறங்கியது, விளாதிவொஸ்தோக்கில் ஜப்பானியப் படை. ஓம்ஸ்க் நகரில் 1918 நவம்பரில், போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெண்படைத் தரப்பின் கொல்சாக் சர்வாதிகாரியானார். 1919 அக்டோபரில் தெனீகினின் வெண்படை ஒர்யோல் நகரைப் பிடித்து மாஸ்கோவை நோக்கி நின்றபோது, யுதேனிச்சின் படை பெத்ரோகிராதின் புறநகரை எட்டியிருந்தது. வெண்படைத் தளபதிகள் மக்களாட்சியைச் சுமந்து வந்தவர்களும் அல்லர். அவர்கள் ஆண்ட பகுதிகளில் இருந்தது இராணுவச் சர்வாதிகாரம். 1919இல் உக்ரைனில் அவர்களுடைய படையினர் நடத்திய யூதப் படுகொலைகள் அந்தப் போரின் மிகக் கொடிய பக்கங்களில் ஒன்று. போல்ஷெவிக்குகள் முன் ஒருபுறம் அமைதியான சுதந்திரமும் மறுபுறம் கொடுங்கோலும் இருந்தன, அவர்கள் பின்னதைத் தேர்ந்தார்கள் என்று சொல்வது அந்தக் காலத்துக்குச் செய்யும் அநீதி.

எனினும் எல்லாப் பழியையும் போரின் தலையில் கட்ட முடியாது. எதிர்ப்புப் பத்திரிகைகளை மூட இடம்தரும் ஆணை, ஆட்சி கிடைத்த சில நாட்களுக்குள் வந்துவிட்டது. செக்கா 1917 டிசம்பர் 20 அன்று அமைந்தது. நாடு முழுவதும் வாக்களித்துத் தேர்ந்த அரசியல் நிர்ணய சபை 1918 ஜனவரி 18 அன்று ஒரே ஒருமுறை கூடிக் கலைக்கப்பட்டது. அதில் முதலிடம் சோஷலிஸ்ட் புரட்சியாளர் கட்சிக்கு. போல்ஷெவிக்குகள் பெற்றது ஏறத்தாழ கால்பங்கு வாக்கு. சபைக்கு ஆதரவாக ஊர்வலம் வந்தவர்கள்மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது. தோன் பகுதியில் கசாக்குகளின் எதிர்ப்பு அதற்குள் தொடங்கியிருந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சபை ஆயுதம் தாங்கிய எதிரியல்ல. அதைக் கலைத்ததைப் போரின் கணக்கில் எழுத இயலாது; அமைதியான வழியில் ஆட்சி மாறக்கூடிய கதவை அது மூடியதால், பின்னர் வந்த போரிலேயே அதற்கு ஒரு பங்கு உண்டு.

போர் உண்மையிலேயே உருவாக்கியவற்றுள் முதலாவது செஞ்சேனை. படைவீரர்களே அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் போர்த்துறை ஆணையர் திரோத்ஸ்கி ஒழித்தார். ஜார் காலத்து அதிகாரிகளைப் பல்லாயிரக்கணக்கில் சேர்த்து, அவர்களைக் கண்காணிக்கக் கட்சி ஆணையர்களை அமர்த்தினார். தோற்றுக்கொண்டிருந்த ஒரு படைக்கு இது தேவை என்பதை மறுப்பது கடினம். ஆனால் எதிரியின் பக்கம் மாறும் அதிகாரியின் குடும்பத்தைப் பிணையாகப் பிடிக்கவும் 1918இல் உத்தரவு போடப்பட்டது. அங்கே தேவை என்ற வாதம் தன் எல்லையைத் தாண்டிவிடுகிறது. கணவனின் செயலுக்கு மனைவியையும் மக்களையும் ஈடாக வைக்கும் ஆட்சிக்குக் குற்றமற்றவர் என்ற சொல்லே பொருளற்றதாகிவிடும்.

இரண்டாவது உணவு. தானியம் விளையும் பகுதிகள் பல எதிரிகளிடம் இருந்தன. கையில் இருந்த பணத்துக்கு மதிப்பில்லை, உழவருக்கு மாற்றாகத் தர ஆலைச் சரக்கும் இல்லை. 1917இல் இருபது லட்சத்துக்கு மேல் இருந்த பெத்ரோகிராதின் மக்கள்தொகை 1920க்குள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. பசித்தவர்கள் கிராமங்களுக்கு ஓடினார்கள். 1918 மே மாதத்து ஆணைகள் தானியத்தைப் பிடுங்க ஆயுதக் குழுக்களை அனுப்ப வழிசெய்தன. 1919 ஜனவரியில் வந்த கொள்முதல் ஒதுக்கீடு இன்னும் கடுமையானது. அரசுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை மாஸ்கோ முதலில் முடிவுசெய்து, அதை மாகாணம், மாவட்டம், ஊர் என்று பங்கு பிரித்தது. உழவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பது அந்தக் கணக்கில் பிறகுதான் வந்தது. விதைநெல்லைப் போல் அடுத்த பருவத்துக்கு வைத்திருந்த தானியமும் பல இடங்களில் போயிற்று. எடுத்துக்கொண்டு போகப் போவதை எதற்கு விதைப்பது என்று உழவர் விதைப்பரப்பைக் குறைத்தார்கள். 1921இல் வோல்கா பகுதியில் மழை பொய்த்தபோது களஞ்சியத்தில் கைவைக்க எதுவும் மிச்சமில்லை. அந்தப் பஞ்சம் ஏறத்தாழ ஐம்பது லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது. வறட்சியும் ஏழாண்டுப் போரும் அதற்குக் காரணங்கள்தாம். ஆயினும் நகரத்துத் தொழிலாளியையும் படைவீரனையும் காக்க எடுத்த முடிவின் விலையை, அந்த முடிவில் குரலே இல்லாத உழவர் கட்டினார் என்பது மாறாது.

அதிகாரம் இடம்பெயர்ந்த விதம் இவ்வளவு வெளிப்படையாக இல்லை. சோவியத்துகளின் கூட்டங்கள் அரிதாயின, அவற்றின் செயற்குழுக்கள் முடிவெடுத்தன, செயற்குழுக்களுக்கு ஆளை அனுப்பியது கட்சி. 1919 மார்ச்சில் ஸ்வெர்த்லோவ் இறந்தபோது, அவர் நினைவிலும் குறிப்பேட்டிலும் வைத்து நடத்திய கட்சி நிர்வாகத்துக்கு அமைப்பு வடிவம் வேண்டியிருந்தது. அந்த மாதம் கூடிய எட்டாவது கட்சி மாநாடு அரசியல் தலைமைக்குழுவையும் அமைப்புக் குழுவையும் நிறுவியது. போர்முனைக்கு உடனே ஆள் வேண்டும் என்பதால் தேர்தலுக்குப் பதில் நியமனம் வழக்கமாயிற்று.

அப்போது யாருக்கும் இந்த ஆபத்து தெரியவில்லை என்ற வாதம் அடிக்கடி எழுகிறது, அது சரியல்ல. 1920இல் கூடிய ஒன்பதாவது கட்சி மாநாட்டில், கட்சிக்காரர்களான சப்ரோனோவும் ஒசின்ஸ்கியும் இந்த மேலிருந்து ஆளும் முறையை நேருக்கு நேர் கண்டித்தனர். மென்ஷெவிக் தலைவர் மார்த்தோவ் 1918இலேயே மரண தண்டனையின் மறுவரவை எதிர்த்து எழுதினார். ஜெர்மன் சிறையிலிருந்த ரோசா லக்சம்பர்க், ரஷ்யத் தோழர்களின் நெருக்கடியை முழுதாக ஒப்புக்கொண்டே, கட்டாயத்தால் செய்ததைக் கொள்கையாக உயர்த்திவிடுவதுதான் பேராபத்து என்று சுட்டினார். நெருக்கடியில் வளைந்ததை வளைவு என்றே சொல்லிக்கொள்பவர் நிமிர வாய்ப்புண்டு. அதையே நேர் என்று கற்பிப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சோதனை 1920 இறுதியில் வந்தது. போலந்துடன் அக்டோபரில் சண்டை நின்றது. நவம்பரில் வெண்படைத் தளபதி விராங்கெலின் எஞ்சிய படை கிரீமியாவிலிருந்து கப்பலேறியது. தம்போவ் மாகாணத்தில் உழவர் கிளர்ச்சி எரிந்தது. 1921 மார்ச்சில் கிரோன்ஸ்தாத் கோட்டையின் கடற்படை வீரர்கள் எழுந்தார்கள். இரகசிய வாக்கெடுப்பில் சோவியத்துகளுக்கு மறுதேர்தல், தொழிலாளருக்கும் உழவருக்கும் இடதுசாரிக் கட்சிகளுக்கும் பேச்சுரிமை, வழிமறித்து உணவுப்பொருளைப் பறிக்கும் காவலை நீக்குதல் ஆகியவை அவர்கள் கேட்டவற்றுள் முக்கியமானவை. 1917இன் வாக்குறுதிகளையே அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். உறைந்த கடலின்மேல் நடந்த தாக்குதலில் மார்ச் 18க்குள் அந்தக் கோட்டை வீழ்ந்தது.

அந்த நாட்களில் நடந்துகொண்டிருந்த பத்தாவது கட்சி மாநாடு இரண்டு முடிவுகளை எடுத்தது. தானியப் பறிமுதலை நிறுத்தி, அதற்குப் பதில் பொருளாக வரி வாங்கத் தீர்மானித்தது. போர்க்கால ஏற்பாடு தவறாகிவிட்டது என்று கண்டால் அதைத் திரும்பப் பெறும் திறன் இந்த அரசுக்கு இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மற்ற முடிவு எதிர்த்திசையில் போயிற்று: கட்சிக்குள் கருத்துக் குழுக்கள் தடைசெய்யப்பட்டன. பொருளாதாரத்தில் பின்வாங்கும்போது அணி குலையக்கூடாது என்பது அதற்குச் சொன்ன காரணம். நாடு களைத்திருந்தது, உழவர் பகைத்திருந்தனர், ஐரோப்பாவில் புரட்சி வரவில்லை. காரணத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் எப்போது தளர்த்துவது, யார் தளர்த்துவது என்று அந்தத் தீர்மானத்தில் ஒரு வரியும் இல்லை. எதிரிப் படை எதுவும் தலைநகரை நோக்கி வராத காலத்தில், முடிவுநாள் இல்லாத ஓர் அவசரநிலையைக் கட்சி தன்மீதே விதித்துக்கொண்டது. வெளிக் கட்சிகளுக்கு முன்பே வாய் மூடப்பட்டிருந்ததால், தவறைச் சுட்டிக்காட்ட நாட்டில் எஞ்சியிருந்த கடைசி இடம் கட்சிக்குள் நடந்த விவாதமே. போர் தந்த மன்னிப்பு இந்த இடம் வரை நீளாது.

அந்தத் தீர்மானத்தின் ஏழாவது கூறு, தடையை மீறும் மத்தியக் குழு உறுப்பினரையே மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் வெளியேற்ற வழிசெய்தது. அது அப்போது வெளியிடப்படவில்லை. இது ஒருநாள் தங்கள்மீதே திரும்பலாம் என்று தோன்றுவதாக மாநாட்டில் எழுந்து சொன்னவர் போல்ஷெவிக் தலைவர்களுள் ஒருவரான கார்ல் ராதெக். சொல்லிவிட்டு ஆதரித்தே வாக்களித்தார். 1922 ஏப்ரலில் ஸ்டாலின் பொதுச் செயலாளரானார். 1924 ஜனவரியில், திரோத்ஸ்கியின் பக்கம் நின்றவர்களுக்கு எதிரான விவாதத்தின்போது, அந்த ஏழாவது கூறு வெளிச்சத்துக்குக் கொண்டுவரப்பட்டது. 1927 நவம்பரில் திரோத்ஸ்கி கட்சியிலிருந்து நீக்கப்பட்டார், அடுத்த மாதம் ராதெக்கும்.