பாலூட்டும் தாயின் சோறு யார் கணக்கு?

 

வல்ல அல்லாஹ் திருமறையின் 2-வது அத்தியாயம் 233-வது வசனத்தில், தாய்மார் இரண்டு ஆண்டு நிறைவாகப் பாலூட்டுவதைப் பற்றிக் கூறுகின்றான். கூறிய கையோடு, அத்தாயின் உணவும் உடையும் குழந்தையின் தகப்பன் மீது பொறுப்பு என்றும் விதித்துவிடுகின்றான். இவ்வசனம் தலாக் பற்றிய வசனங்களுக்கு நடுவே வருகின்றது. பிரிந்து போனவளுக்கே இந்த ஹக்கு உண்டென்றால், நம் வீட்டு அடுப்படியில் நிற்பவளுக்கு எவ்வளவு!

வியாபாரிகளாகிய நாம் பேரேட்டில் பத்துக் காசு இடித்தால் இரவு தூங்கமாட்டோம். ஆனால் சூலுற்ற மனைவி பகலில் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டால் விழிப்போம். நாமும் பிள்ளைகளும் உண்டு எழுந்த பின் சட்டியில் மிஞ்சிய ஆணத்தை அவள் வழித்துக்கொள்கிறாள். அதைப் பொறுமை என்று வேறு புகழ்கிறோம்.

நாமும் இதற்கு விலக்கல்ல. நம் முதற்பிள்ளை பிறந்தபோது, பெரியவர்கள் சொற்படி நாற்பது நாளும் சோறும் மிளகு ரசமுந்தான். மீன் ஆகாது, கீரை ஆகாது, பழம் குளிர்ச்சி, தண்ணீர்கூட அளந்து. பால் போதவில்லை என்று அவள் அழுதாள். எழுந்து நின்றால் தலைசுற்றல். நாம் கடையிலிருந்து பால்மாவு டின் ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, காரியம் முடிந்தது என்றிருந்தோம். அடுத்த பிள்ளைக்குத் தாதி ஒருவர் நம்மைக் கண்டித்த பிறகே புத்தி வந்தது.

டின் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1939-ல் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், "பாலும் கொலையும்" எனப் பொருள்படும் தலைப்பில் பேசினார். தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்புக் கெட்டிப்பாலைக் கொடுத்துக் குழந்தைகளைச் சாகவிடும் கொடுமையைச் சாடினார். அந்த டின்களை விற்ற கடைகளில் நம்மவர் கடைகளும் இருந்திருக்கும்.

தாய்க்கு வேண்டியது விலை கூடிய பண்டமல்ல. முட்டை, பருப்பு, நெத்திலி, மத்தி, முருங்கைக்கீரை, கொய்யாப்பழம் போதும். பாலூட்டும் காலத்தில் கர்ப்ப காலத்தைவிட அதிகமாகவே உண்ண வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்கினால் சத்து சரியாகச் சேராது. தேத்தண்ணீரை ஒரு மணி நேரமாவது தள்ளி வைக்கட்டும். பால் ஊறும் என்று சுறாப்புட்டு கொடுப்பது நம் வழக்கம். சுறாவில் பாதரசம் அதிகம் என்று இன்று தெரிந்துவிட்டது. அதைத் தவிர்ப்பதே நலம்.

மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் பிரசவ வேதனையில் பேரீச்ச மரத்தடியில் இருந்தபோது, பேச்சை விட்டு நோன்பிருக்கும்படி கட்டளை வந்தது. அதே கட்டளையில் பழத்தை உண்ணவும் நீரைப் பருகவும் சொல்லப்பட்டது. கர்ப்பிணிக்கும் பாலூட்டுபவளுக்கும் ரமலான் நோன்பில் சலுகை உண்டென நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அறிவித்துள்ளார்கள். இருந்தும், மாமி என்ன நினைப்பார்களோ என்று மயங்கி விழும்வரை நோன்பு பிடிக்கும் பெண்மக்கள் இருக்கிறார்கள். நாம் வாய் திறப்பதில்லை. அந்த வெட்கத்தை உடைக்க வேண்டியவன் கணவன்.

ஷாஃபி மத்ஹபில், தன் உடலுக்கு அஞ்சி விட்டவள் பின்னர் களாச் செய்தால் போதும். குழந்தைக்காக மட்டும் அஞ்சி விட்டவள் களாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து அரிசி ஏழைக்குக் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் களா மட்டுமே. ஐயமிருந்தால் ஆலிமிடம் கேட்டு, விட்ட நாட்களை நாமே குறித்து வைப்போம். கணக்கு நோட்டு நம் கையில்தானே இருக்கிறது.