எதை விட்டோம்?
சோயா மீற்றும் சுத்தபோசனமும்



தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலைச் சிலுவைப்பாதை முடிந்த பின், பங்கிலுள்ள ஒரு குடும்பத்தார் என்னை இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தனர். மேசையில் சோறும் பருப்பும் முருங்கைக்காய்க் குழம்பும் கீரையும் இருந்தன. அவற்றின் நடுவே ஒரு கோப்பையில் பிரட்டற் கறி இருந்தது. பெருஞ்சீரகமும் கறுவாவும் இட்டு, பால் வற்றும்வரை பிரட்டி, இறக்கும்போது தேசிப்புளி விட்டிருந்தார்கள். பார்வைக்கும் மணத்துக்கும் அசல் ஆட்டிறைச்சிப் பிரட்டல். நான் சற்றுத் தயங்கியதைக் கண்ட வீட்டம்மா, “பயப்பிடாதேங்கோ சுவாமி, சோயா மீற்தான்” என்றார்.

இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். மறைப்பானேன், மூன்றாந் தரமும் கை நீண்டது.

அந்த வீட்டுப் பையனுக்கு வயது 12. அவன் என் கோப்பையையும் தன் கோப்பையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “பாதர், இது இறைச்சி இல்லைத்தானே. ஆனா இறைச்சி மாதிரியே இருக்கு. அப்ப நாங்கள் என்னத்தை விட்டனாங்கள்?” என்று கேட்டான்.

“சாப்பிடேக்கை கதையாதை” என்று தாய் அதட்டினார். நானோ குருமடத்தில் படித்ததை வைத்து விளக்கஞ் சொன்னேன். திருச்சபை விலக்குவது மிருகங்களினதும் பறவைகளினதும் மாமிசத்தையே, சோயா ஓர் அவரை இனம், ஆகவே பாவமில்லை என்றேன். பையன் தலையாட்டினான். ஆனால் பாவமா என்று அவன் கேட்கவேயில்லை. அதை நினைத்தபடியே அறைவீட்டுக்குத் திரும்பினேன். அன்றிரவு தூக்கம் எளிதில் வரவில்லை.

சட்டம் சொல்வது

முதலிற் சட்டத்தைத் தெளிவாக அறிந்துகொள்வோம். வீணான மனக் குழப்பம் பக்தியாகாது.

1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு சுத்தபோசன நாட்களில் இறைச்சியையும் இறைச்சிச் சாற்றையும் விலக்கியது. முட்டை, பால், வெண்ணெய் ஆகியவற்றையும், மிருகக் கொழுப்பிலிருந்து செய்த சுவையூட்டிகளையும் அது விலக்கவில்லை. 1966 பெப்ரவரி 17ஆம் திகதி பாப்பரசர் 6ம் சின்னப்பர் ஒருசந்தி, சுத்தபோசன முறைகளைப் புதுப்பித்தபோதும் இந்த விதிவிலக்குகள் நிலைத்தன. 1983இல் பாப்பரசர் 2ம் அருளப்பர் சின்னப்பர் வெளியிட்ட சட்டத்தொகுப்பின்படி, ஆண்டின் வெள்ளிக்கிழமைகள் யாவும் தபசு நாட்களே. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களைக் கட்டுப்படுத்தும். ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 60ஆம் வயது தொடங்கும்வரை கட்டுப்படுத்தும். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் இரண்டுக்கும் உரிய நாட்கள். வெள்ளிக்கிழமை இறைச்சிக்குப் பதிலாக வேறு உணவையோ, வேறு தபசு முயற்சியையோ குறிப்பிட அந்தந்த நாட்டு ஆயர் பேரவைக்கு அதிகாரமுண்டு.

ஆகவே சோயா மீற் உண்டவர் சுத்தபோசனத்தை மீறவில்லை. பக்கற்றில் “கோழிச் சுவை” என்று அச்சிட்டிருந்தாலும் கலங்க வேண்டியதில்லை. சட்டத்தின் எழுத்துப்படி மீனும் இறாலும் நண்டுங்கூடத் தடையில்லை. நம் வீடுகளில் இவையெல்லாம் மச்சம் என்று ஒதுக்கப்படுவது, சைவ அயலவரோடு வாழ்ந்து நாம் பெற்ற நல்ல பழக்கம்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். என்னிடம் கேள்வி கேட்ட பையனுக்கு 14 வயது நிறையவில்லை. சட்டம் அவனைக் கட்டவேயில்லை. சட்டத்தால் கட்டுண்ட நானோ அந்தக் கேள்வியைக் கேட்க மறந்திருந்தேன்.

சைவமும் வீகனும்

சோயா மீற் எப்படி உண்டாகிறது? சோயா அவரையிலிருந்து எண்ணெயைப் பிரித்தெடுத்தபின் எஞ்சுவதை மாவாக்கி, நீர் சேர்த்து, இயந்திரத்துள் சூட்டோடும் அழுத்தத்தோடும் தள்ளுகிறார்கள். வெளியே வரும்போது அது நார்நாராய், துளைகளோடு பொங்கி நிற்கும். சுடுநீரில் ஊறவைத்துப் பிழிந்தால் இறைச்சித்துண்டு போலாகும். 1960களில் அமெரிக்காவில் வளர்ந்த முறை இது. உலர்ந்த துண்டின் நிறையில் ஏறக்குறைய பாதி புரதம். சீனத்துப் பௌத்த மடங்களிலோ பல நூற்றாண்டுகளாகவே கோதுமையின் பசைப் புரதத்தைக் கொண்டு இறைச்சி போன்ற கறிகளைச் சமைத்து வந்திருக்கிறார்கள்.

இன்று ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் சிலர், “நான் வீகன்” என்கிறார்கள். பாட்டி மகிழ்ந்து, “சைவந்தானே, நல்லது பிள்ளை” என்று சோற்றில் நெய்யை விட்டுத் தயிரையும் வைக்கிறார். பிள்ளை கைகழுவி எழும்புகிறது, பாட்டியின் முகம் வாடுகிறது. இரண்டு பக்கத்திலும் குற்றமில்லை, சொல்தான் வேறு. வீகன் என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வட்சனும் அவருடைய நண்பர்களும் உண்டாக்கியது. நம்மவர் சைவம் என்பதில் பாலும் மோரும் நெய்யும் சேரும். வீகன் முறையிலோ பால், தயிர், நெய், முட்டை, தேன் எதுவுமே சேராது. நமக்கு இது முற்றிலும் புதிதுமல்ல. எத்தியோப்பியாவின் பழைய கிறிஸ்தவர்கள் தம் நீண்ட உபவாச நாட்களில் இறைச்சியோடு பாலையும் முட்டையையும் விலக்கி, பருப்பும் காய்கறியும் உண்கிறார்கள்.

சோயா என்ற தானியம் வீகன்தான். ஆனால் அதைக்கொண்டு செய்த பண்டமெல்லாம் அப்படியென்று எண்ண வேண்டாம். சிலவற்றில் முட்டை வெள்ளைக்கரு சேரும், சிலவற்றிற் பால்மா. சுவையூட்டும் தூளில் கோழியிலிருந்து எடுத்த சாரமும் இருக்கலாம். பிரித்தானியாவில் 1985 முதல் விற்பனையாகும் குவோன், பூஞ்சணப் புரதத்தாலானது. அதன் வகைகள் பல முட்டை வெள்ளைக்கருவாற் பிணைக்கப்பட்டவை. அவற்றில் இறைச்சியில்லை, ஆயினும் அவை வீகனும் அல்ல. பக்கற்றின் பின்புறத்தில் சேர்மானப் பட்டியல் சிறிய எழுத்தில் உண்டு. அதை வாசியுங்கள்.

நமக்கு ஏன் இந்த ஆராய்ச்சி என்று கேட்பீர்கள். சுத்தபோசனத்துக்கு இது தேவையில்லைத்தான். ஆனால் அயலவருக்காகத் தேவை. பக்கத்து வீட்டுச் சைவ ஐயா உங்கள் வீட்டில் கைநனைக்கும்போது, “ஒண்டுமில்லை, சும்மா சாப்பிடுங்கோ” என்று முட்டை கலந்ததை வைப்பது அவருடைய மனச்சாட்சியோடு விளையாடுவதாகும். உணவு தன்னை அசுத்தப்படுத்தாது என்று நன்றாக அறிந்திருந்த புனித சின்னப்பர், தன் உணவு ஒரு சகோதரனுக்கு இடறலாகுமாயின் இறைச்சியை ஒருபோதும் தொடமாட்டேன் என்ற கருத்தில் கொரிந்து நகரத்தாருக்கு எழுதினார். பிறருடைய மனச்சாட்சியை மதிப்பதற்காக ஒரு பக்கற்றைத் திருப்பி வாசிப்பதும் அன்புச் செயலே.

நாவின் பழைய தந்திரம்

பையனுடைய கேள்விக்கு வருவோம். இந்தக் கேள்வி திருச்சபைக்குப் புதிதல்ல.

மத்திய காலத்து ஐரோப்பாவில் தவக்காலத்திற் பாலும் முட்டையும் விலக்கப்பட்டிருந்தன. செல்வர் வீட்டுச் சமையற்காரர் வாதுமைப் பருப்பை அரைத்துப் பாலெடுத்தார்கள், அதைக்கொண்டு போலி முட்டையுஞ் செய்தார்கள். பிரான்சின் ரூவான் பேராலயத்தில் “வெண்ணெய்க் கோபுரம்” என்று ஒன்று இன்றும் நிற்கிறது. தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்கள் கொடுத்த பணம் அதைக் கட்ட உதவியது என்பதால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். பிரெஞ்சுக்காரர் குடியேறிய கனடாவில், நீரில் வாழ்கிறதென்று பீவர் என்ற நாலுகால் விலங்கையும் மீன் கணக்கிற் சேர்த்தார்கள்! கேட்கச் சிரிப்பு வருகிறது. ஆனால் மூன்றாந் தரம் கைநீட்டிய நான் யாரைப் பார்த்துச் சிரிப்பேன்?

1,600 ஆண்டுகளுக்கு முன்னரே, வட ஆபிரிக்காவில் ஆயராயிருந்த புனித அகுஸ்தீனார் தம் தவக்காலப் பிரசங்கங்களில் இந்த நோயைத் தொட்டுக்காட்டினார். இறைச்சியை விட்டுவிட்டு அதைவிட அருமையான பண்டங்களைத் தேடித் திரிகிறவர்களை அவர் கண்டித்தார். அவர்கள் இன்பத்தைக் குறைக்கவில்லை, இன்பத்தின் உருவத்தை மட்டும் மாற்றினார்கள்.

ஒரே கறி, இரண்டு வீடு

அப்படியானால் சோயா மீற் ஒரு மாய்மாலமா? அவசரப்பட்டுத் தீர்ப்பிட வேண்டாம்.

2022ஆம் ஆண்டை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையிற் கிடந்தன. இறைச்சியும் மீனும் முட்டையும் ஏழைக்கு எட்டாத விலைக்கு ஏறின. அந்நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, கடற்கரையோரம் தனியே மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு தாயின் வீட்டுக்குப் போனேன். அடுப்பிற் சோயா மீற் கொதித்தது. ஒரு சிறிய பக்கற்றுக்கு உருளைக்கிழங்கு சேர்த்து, குழம்பைக் கூட்டி, நாலு பேருக்கும் நாலு பங்கு. “இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை எல்லோ சுவாமி, பிள்ளையளுக்கு ருசியா ஏதும் குடுக்கவேணும்” என்றார். தாய் தன் பங்கிலிருந்த துண்டுகளை எடுத்துக் கடைக்குட்டியின் கோப்பையில் வைத்ததையும் கண்டேன்.

அதே பக்கற், அதே கறி. அங்கே அது இறைச்சிக்குப் போலி அல்ல, இறைவன் தந்த நாளாந்த உணவு. பபிலோன் அரண்மனையிற் தானியேலும் தோழர்களும் அரசனின் பந்தியை விட்டு மரக்கறியும் தண்ணீரும் கேட்டு வாங்கினார்கள் என்று வாசிக்கிறோம். அந்தத் தாய்க்கு விட்டுவிட அரச பந்தி இருந்ததில்லை. ஆயினும் தனக்குரிய இரண்டு துண்டை விட்டாரே, அதுவே ஒறுத்தல். அவரிடம் போய்ச் சுத்தபோசனத்தின் இலக்கணம் படிப்பிக்க எனக்குத் துணிவு வராது.

ஆகவே பிரியமானவர்களே, சட்டியைப் பார்த்து மட்டும் தபசை அளக்க முடியாது. இல்லாதவர் வீட்டுச் சோயா மீற்றை இழிவாகப் பேசாதிருப்போம். இருப்பவர் வீட்டுச் சோயா மீற்றைத் தியாகமென்று பெருமை பாராட்டாதிருப்போம்.

பையனுக்கு என் பதில்

அடுத்த வாரம் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் அந்தப் பையனைக் கூப்பிட்டேன். “தம்பி, நீ கேட்டதுதான் சரி. அண்டைக்கு நான் ஒண்டையும் விடேல்லை” என்றேன். அவன் வெட்கத்தோடு சிரித்தான்.

பின் இருவருமாகக் கணக்குப் பார்த்தோம். அவனுடைய வீட்டில் ஒரு நேரத்துக்கு ஆட்டிறைச்சி வாங்கும் செலவு என்ன, சோயா மீற்றின் செலவு என்ன? வித்தியாசம் பெரிது. அந்த மிச்சக் காசு எங்கே போனது என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. என் செலவுக் கொப்பியைப் பார்த்தால் எனக்குந் தெரிந்திராது.

5ஆம் நூற்றாண்டுப் பாப்பரசர் புனித பெரிய சிங்கராயர், விசுவாசிகள் உண்ணாது விட்டது ஏழைகளின் உணவாக வேண்டும் என்று போதித்தார். பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதே இறைவன் விரும்பும் உபவாசம் என்பது இசையாஸ் இறைவாக்கினரின் போதனை. நாம் எதை விட்டோம் என்பதற்கு நல்ல விடை, அது யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதே.

எனவே இத்தவக்காலத்தில் உங்கள் வீட்டில் ஒன்று செய்யுங்கள். சோயா மீற் சமைக்கலாம், தடையில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அதை விருந்துக் கறியாக்காமல் எளிமையாகச் சமையுங்கள். ஒரு வெள்ளியாவது கஞ்சியும் சம்பலும் போதுமென்று இருங்கள். மிஞ்சிய காசைப் பிள்ளைகளின் கையாலேயே, அவர்கள் எண்ணிப் பார்த்தபின், தவக்கால உண்டியலிற் போடச் செய்யுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பங்கு வைக்கும் தாய்மார் உங்கள் பங்கிலும் உண்டு. அவர்கள் கைநீட்டிக் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் தேடிப்போக வேண்டும்.

அந்தக் குடும்பத்தார் என்னை மீண்டும் அழைத்திருக்கிறார்கள். வருகிற வெள்ளிக்கிழமை கஞ்சிதான் என்று பையன் சொல்லியனுப்பியிருக்கிறான். தாயாருக்குச் சற்று மனக்குறை, குருவானவருக்குக் கஞ்சியா என்று. நான் சந்தோஷமாகப் போவேன்.

நமக்காகத் தம்மையே கையளித்த ஆண்டவர், விடவேண்டியதை விடவும் கொடுக்கவேண்டியதைக் கொடுக்கவும் நம் குடும்பங்களுக்கு வரமருள்வாராக.