பொறாமை தீர்ந்த திருவாசல்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



அடியேன் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பல ஆண்டுகளுக்கு முன் அடியேனும், அடியேனிடம் தொழில் கற்ற இளையவர் ஒருவரும் ஒரே பதவிக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றோம். உயர்வு அவருக்கே வாய்த்தது. அவ்வாண்டு செப்டம்பர் 30 அன்று, அரையாண்டுக் கணக்கு முடிப்பில், அவர் பொறுப்பிலிருந்த பேரேட்டில் 2,700 ரூபாய் இடித்தது. வேறுபாடு ஒன்பதால் மீதமின்றி வகுபட்டால் எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும். 5,200ஐ 2,500 என்று எழுதினால் இத்தொகையே வரும். இதை அறிந்திருந்தும் அடியேன் வாய் திறவாது வீடு திரும்பினேன். அவர் நள்ளிரவு வரை வவுச்சர்களைப் புரட்டினார்.

அடியேன் பொய் சொல்லவில்லை, ஏசவுமில்லை. பொறாமைக்கு மௌனமும் ஒரு கருவியே என்று அன்று உணரவில்லை.

அவ்வாரம் காலக்ஷேபத்தில் நம்பிள்ளை வைபவம் கேட்கும் பாக்யம் கிட்டியது. திருவரங்கத்தில் அவருடைய திருவாய்மொழிக் காலக்ஷேபத்திற்குத் திரண்ட கோஷ்டியின் பெருமை பொறாத கந்தாடை தோழப்பர், முதலியாண்டான் திருவம்சத்தவர், பெரிய பெருமாள் ஸந்நிதியிலேயே அவரைக் கடிந்து பேசினார். நம்பிள்ளை மறுமொழி கூறாது சென்றார். திருமாளிகையில் தேவிகள் இடித்துரைக்க, தோழப்பர் மனம் வருந்தி, மன்னிப்பு வேண்டப் புறப்பட்டுக் கதவைத் திறந்தார். வாசலில் நம்பிள்ளையே கிடந்தார்! தம்மால் அவர் திருவுள்ளம் கலங்கியது தம்முடைய அபசாரமே என்று க்ஷமை வேண்டினார். நெகிழ்ந்த தோழப்பர், 'லோகாசார்யர்' என்னும் திருநாமத்தைச் சாற்றி அவரைக் கொண்டாடினார். வடக்குத் திருவீதிப் பிள்ளை தம் திருக்குமாரருக்கு அந்நாமத்தையே இட்டார். அவரே ஸ்ரீவசனபூஷணம் அருளிய பிள்ளை லோகாசார்யர். பொறாமை கொண்டவர் வாயிலிருந்து வந்த பட்டம் ஸம்ப்ரதாயத்தின் திருநாமமாயிற்று.

அப்பிள்ளை லோகாசார்யரே, அஹங்காரத்தாலும் பொருளாசை முதலியவற்றாலும் அடியார்களிடம் பாராட்டும் விரோதத்தைப் பாகவதாபசாரம் என்று காட்டியருளினார். நாற்காலியில் அஹங்காரமும், சம்பளத்தில் பொருளாசையும் உண்டு. அலுவலகத்தில் இவ்விரண்டும் நாள்தோறும் எதிர்ப்படுகின்றன. சக ஊழியர் அடியாரோ அல்லரோ, அவருள்ளும் அந்தர்யாமியாய் எழுந்தருளியிருப்பவன் எம்பெருமானே. நாம் அவனுக்குச் சேஷபூதர்கள் எனில், பிறருக்கு அவன் அளித்ததைக் கண்டு மனம் புழுங்குவது அவன் பங்கீட்டையே குறை கூறுவதாகும்.

எனவே பொறாமை கொண்டவர் தோழப்பரைப் போல, வெறுத்தவரின் குணத்தைப் பலர் அறியப் பேச வேண்டும். பொறாமைக்கு ஆளானவர் நம்பிள்ளையைப் போல முதலடியைத் தாமே எடுத்து வைக்க வேண்டும். அருகிலிருப்போர் தேவிகளைப் போல, தம்மவர் என்று பாராது தவற்றைச் சுட்ட வேண்டும். மேலதிகாரி இருவரை ஒப்பிட்டுப் பேசுவதைத் தவிர்த்து, தம் முடிவின் காரணத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

மறுநாள் அவ்விளையவரின் மேசைக்குச் சென்று, அறிந்தே மறைத்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு நாற்காலியை அடியேன் பக்கம் நகர்த்தி, "ஸார், அந்த ஒன்பது கணக்கை இப்போது சொல்லிக் கொடுங்கள்" என்றார். அடியேன் சென்ற வாசலில் நம்பிள்ளையின் வழி நின்றவர் அவரே.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.

அடியேன் ராமாநுஜ தாஸன்