ஒரு கவளமும் ஒரு மூச்சும்



சென்ற ரமளானில் நாம் நோன்பு திறந்த ஒரு பள்ளிவாசலில் நடந்தது இது. எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் வாய் நிறைய வடையை வைத்துக்கொண்டு பக்கத்துப் பையனிடம் சிரித்துப் பேசினான். திடீரென்று பேச்சு நின்றது. இருமவும் முடியவில்லை, கண்கள் பிதுங்கின. ஒருவர் அவன் உச்சந்தலையில் தட்டினார். மற்றொருவர், "யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லியபடி தண்ணீருக்கு ஓடினார். நாமோ செய்வதறியாது நின்றோம். பின்வரிசையிலிருந்து ஓடிவந்த இளைஞர் ஒருவர் சிறுவனை முன்புறம் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஓங்கித் தட்டினார். மூன்றாவது தட்டில் வடைத்துண்டு வெளியே விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ்! பையன் வாய்விட்டு அழுதான். அந்த அழுகையைப்போல் இனிய ஓசையை நாம் கேட்டதில்லை.

உண்ணும் ஒழுக்கங்களைப் பற்றிப் பல ஆண்டுகள் ஓதியும் ஓதிக்கொடுத்தும் வந்த நமக்கு, அன்று வெட்கமாக இருந்தது. அதன் பிறகுதான் நம் தொண்டைக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டோம்.

தொண்டைக்குக் கீழே இரண்டு குழாய்கள் உள்ளன. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய். பின்னால் இருப்பது உணவுக்குழாய். எனவே நாம் விழுங்கும் ஒவ்வொரு கவளமும் மூச்சுக்குழாயின் வாசலைக் கடந்தே போகவேண்டும். அந்த வாசலை அல்லாஹுத்தஆலா காவலின்றி விட்டுவிடவில்லை. விழுங்கும்போது குரல்வளை மேலெழுகிறது. ஒரு சிறு மூடி அதன்மீது கவிகிறது. மூச்சு ஒரு கணம் நிற்கிறது. தொண்டையில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள், குரல்வளை ஏறி இறங்குவது தெரியும். நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுகிறோம் என்றால், ஒரு நாளைக்கு 21,600 முறை! இத்தனைக்கும் இடையில் கவளங்களுக்கு வழிவிட்டு வாசலை மூடித் திறப்பவன் யார்? நாம் தூங்கும்போதும் அது நடக்கிறதே!

வாயில் உணவை வைத்துக்கொண்டு சிரித்தால், வாசல் திறந்திருக்கும்போதே கவளம் வந்துவிடுகிறது. புரையேறுவது அதனால்தான், யாரோ நினைப்பதால் அல்ல.

தொண்டையில் பிரிந்த இரண்டும் உடலுக்குள் மீண்டும் சந்திக்கின்றன. காற்று, நுரையீரலின் கோடிக்கணக்கான நுண்ணறைகளின் வழியே இரத்தத்தில் சேர்கிறது. உணவு, இரைப்பையில் சில மணி நேரம் கரைந்து, சுமார் 20 அடி நீளமுள்ள சிறுகுடலின் வழியே இரத்தத்தில் சேர்கிறது. அடுப்பில் விறகு எரியக் காற்று வேண்டுமல்லவா? அதுபோல் உண்ட உணவு உடலில் சூடாகவும் வலுவாகவும் மாற, சுவாசித்த காற்று வேண்டும்.

இரைப்பைக்கும் நுரையீரலுக்கும் இடையே இருப்பது உதரவிதானம் என்னும் தசைத்திரை. மூச்சை இழுக்கும்போது அது கீழே இறங்கவேண்டும். வயிறு முட்ட உண்டவனுக்கு அது தாராளமாக இறங்க இடமில்லை. நோன்பு திறந்தவுடன் அளவின்றி உண்டுவிட்டுத் தராவீஹில் மூச்சு வாங்க நிற்பவர்களுக்கு இது புரியும். மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில், வயிற்றின் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைத் தண்ணீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியுள்ளார்கள். மூச்சுக்கும் வயிற்றில் பங்கு உண்டு என்பதை எவ்வளவு எளிமையாகச் சொல்லிவிட்டார்கள்!

சாய்ந்துகொண்டு உண்ணாமல் இருப்பதும், பாத்திரத்துக்குள் மூச்சு விடாமல் இருப்பதும், மூன்று மூச்சில் பருகுவதும் அவர்கள் காட்டிய ஸுன்னத்துகள். இவற்றை நம் பிள்ளைகளுக்குச் சஹனைச் சுற்றி உட்காரும்போதே பழக்குவோம். வாயில் கவளத்தோடு ஓடவும் சிரிக்கவும் விடவேண்டாம். சிறு குழந்தைகளுக்குத் திராட்சையை நீளவாக்கில் நறுக்கிக் கொடுங்கள். பேரீத்தம்பழத்தைக் கொட்டை நீக்கிக் கொடுங்கள். முழு வேர்க்கடலை வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அடைத்துக்கொண்டால்? இரும முடிகிறவரை இருமவிடுங்கள். இருமவோ பேசவோ முடியாவிட்டால், முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை ஓங்கித் தட்டுங்கள். வராவிட்டால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்குச் சற்று மேலே முட்டியை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் 5 முறை அழுத்துங்கள். மாறிமாறிச் செய்யுங்கள், அதற்குள் ஒருவர் 108-ஐ அழைக்கட்டும். கர்ப்பிணிகளுக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் வயிற்றை அழுத்தக்கூடாது. குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, முதுகில் தட்டவேண்டும். தண்ணீர் புகட்டுவதும், கண்ணுக்குத் தெரியாத துண்டை விரலால் தோண்டுவதும் ஆபத்தை அதிகமாக்கும். தலையில் தட்டுவதால் பயனில்லை.

ஓர் உயிரைக் காப்பது மனிதர் அனைவரையும் காத்ததற்கு ஒப்பாகும் என்பது திருக்குர்ஆனின் போதனை. அந்த இளைஞர் அன்று செய்ததை நாமும் தெரிந்துகொள்வோம், வீட்டிலுள்ளோருக்கும் சொல்லிக்கொடுப்போம். பிஸ்மி சொல்லி அளவோடு உண்டு, எளிதாக வந்துபோகும் மூச்சுக்கும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லும் அடியார்களாக வல்ல நாயன் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.