கையை விட்டுச் சென்ற பொறுப்பு

ஒரு பொறுப்பு நம்மிடம் நெடுங்காலம் தங்கிவிடுமாயின், அது நமக்கே உரிய உடைமை என்னும் எண்ணம் நாம் அறியாமலே உள்ளத்தில் புகுந்துவிடுகிறது. அப்பொறுப்பு கையை விட்டுச் செல்லும் நாளில்தான் அவ்வெண்ணம் நமக்கே புலப்படுகிறது. இது தனிமனிதருக்கு மட்டுமன்றிப் பெருங்கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். அமெரிக்க நாட்டின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் இதற்குத் தக்க சான்றாகும்.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1943-ஆம் ஆண்டு, நியூ மெக்சிகோ மாநிலத்தில் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடம் தோற்றுவிக்கப்பட்டது. அரசுக்குச் சொந்தமான அக்கூடத்தை ஒப்பந்த முறையில் நிர்வகிக்கும் பணி அப்பல்கலைக்கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அங்குப் பேராசிரியராக இருந்த ஓப்பன்ஹைமரே ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களை அழித்த அணுகுண்டுகள் அங்கே உருவாக்கப்பட்டவை. போர் முடிந்த பின்னரும் ஒப்பந்தம் போட்டியின்றிப் புதுப்பிக்கப்பட்டு, அறுபது ஆண்டுகள் நீடித்தது.

2002-ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடத்தின் கொள்முதலில் நடந்த முறைகேடுகள் வெளிவந்தன. அவற்றை ஆராய்ந்து கூறிய புலனாய்வாளர் இருவரை நிர்வாகம் பணிநீக்கம் செய்தது. முறைகேட்டைக் காட்டிலும், அதைச் சுட்டிக்காட்டியவரை விலக்கியதே பெரும்பழியாயிற்று. 2003 ஜனவரியில் இயக்குநர் பதவி விலகினார். பல்கலைக்கழகம் அவ்விருவரையும் ஆலோசகர்களாக மீண்டும் அமர்த்திக்கொண்டது. எனினும் அவ்வாண்டு ஏப்ரலில், 2005-இல் முடிவுறும் ஒப்பந்தம் போட்டிக்கு விடப்படும் என எரிசக்தித் துறை அறிவித்தது.

அப்போது பல்கலைக்கழகத்தின் முன் இரு வழிகள் இருந்தன. பேரழிவுக் கருவி செய்யும் பணி கல்விக்கூடத்திற்குத் தகாது என்று பேராசிரியர் பலர் பல்லாண்டுகளாகக் கூறிவந்தனர். அறிஞர் விலகினால் ஊதியம் ஒன்றையே நோக்குவோர் கையில் அப்பணி சென்றுவிடும். ஆதலின் நிலைத்திருப்பதே கடமை என்றனர் மற்றையோர். இரண்டையும் எளிதில் தள்ளிவிட இயலாது.

பல்கலைக்கழகம் போட்டியிட முடிவு செய்தது. பெக்டெல் முதலிய தொழில் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து, 2005 டிசம்பரில் வென்றது. 2006 ஜூன் முதல் தனியுரிமை நீங்கிப் பங்காளியாயிற்று. புதிய கூட்டு நிறுவனத்திற்கு முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு கட்டணம் வகுக்கப்பட்டது. ஆனால் 2014-இல், அங்கிருந்து தவறான பொருள் சேர்த்து அடைக்கப்பட்டு அனுப்பிய கழிவுக் கலம் ஒன்று நிலத்தடிக் கிடங்கில் வெடித்தது. அந்நிறுவனமும் ஒப்பந்தத்தை இழந்தது. 2018 நவம்பரில் பொறுப்பேற்ற அடுத்த கூட்டமைப்பிலும் இப்பல்கலைக்கழகம் ஓர் உறுப்பு.

பல்கலைக்கழகத்தின் செயலை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? உண்மை உரைத்தவரை மீண்டும் அழைத்துக்கொண்டது நற்செயலே. தவறு செய்தபின் அதனைத் திருத்திக்கொள்வது எவர்க்கும் பெருமை தரும். ஆனால், இழந்ததை எவ்வாறு மீட்பது என்னும் கேள்வி, இதனை நாம் வைத்திருக்கத்தான் வேண்டுமா என்னும் கேள்வியை முந்திக்கொண்டது. அறுபது ஆண்டுகளில் ஒருமுறை கிடைத்த சிந்திக்கும் வாய்ப்பு, வெல்லும் முனைப்பில் கரைந்துபோயிற்று.

"அவர்கள் விலகியிருந்தாலும் ஓர் ஆயுதம்கூடக் குறைந்திராதே" என்று சிலர் வினவலாம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆயினும், பிறர் செய்வார் என்பதால் நாம் செய்வது குற்றமற்றதாகிவிடாது. கொல்லாமையைத் தலையாய அறமாகப் போற்றும் நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தொலைதூரத்துப் பல்கலைக்கழகத்தின் கதைதானே என்று நாம் இதனைக் கடந்துவிடலாகாது. சங்கத்தின் கணக்கு, பள்ளியின் நிர்வாகம், குடும்பத்தின் மூத்த இடம் என ஏதேனும் ஒரு பொறுப்பு நம் ஒவ்வொருவர் கையிலும் உள்ளது. அது ஒருநாள் நம்மை விட்டு நீங்கும். அன்று, பறித்தவர் யார் என்று தேடுமுன், குறை கூறியவரை நாம் எவ்வாறு நடத்தினோம் என்று எண்ணிப் பார்ப்போம். அப்பொறுப்பை மீண்டும் ஏற்பதால் யாருக்கு நன்மை என்றும் கேட்டுக்கொள்வோம். இவ்விரண்டிற்கும் நேர்மையாக விடை காண்போமாயின், இழப்பும் நமக்கு ஆசானாகும்.