முகத்தைப் பார்த்து விலை போடுகிறவர்கள்



போன மாதம் சகோதரிகள் ஜெபக்கூட்டம் முடிந்து நான் பாய் சுருட்டிக்கொண்டிருக்கையில், என் தங்கச்சி மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "பெரியம்மா, மாடலிங் போனா பாவமா? நேராச் சொல்லுங்க" என்றாள். தேனியில் ஒரு ஜவுளிக்கடை நோட்டீசுக்காக அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். அதைப் பார்த்துச் சென்னையிலிருந்து ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். நான் யோசிக்கவே இல்லை. "பாவந்தான், போயி ஜெபம் பண்ணு" என்று வாயை அடைத்து அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தப் பதிலைக் கொடுத்தது ஆவியானவரா, என்னுடைய பயமா?

இருபத்திரண்டு வருஷமாகப் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை செய்கிறேன். பருமனான காய் ஒரு பக்கம், சின்னக் காய் ஒரு பக்கம், வெடித்தது, நிறம் வெளுத்தது தனி. 8 மில்லிமீட்டர் பருமனும் நல்ல பச்சையும் இருந்தால் அதற்கு ராஜ மரியாதை. அந்தப் பச்சை தானாக நிற்பதில்லை. மலையில் பறித்த காயை வெயிலில் போட்டால் வெளுத்துவிடும், அதனால்தான் ஸ்டோரில் சூடு காட்டி உலர்த்துகிறார்கள். ஆனால் விவரமான வியாபாரி பச்சையோடு நிற்கமாட்டார். காயைப் பிளந்து விதையைப் பார்ப்பார். விதை கறுத்திருந்தால் முற்றின காய். வெளுத்த விதையானால் முற்றாதது, மணம் இருக்காது.

கண்ணால் தரம் பிரித்துக் கூலி வாங்குகிறவள் நான். முகத்துக்குக் கூலி வாங்கப்போகிறவளை எடுத்த எடுப்பில் பாவி என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

இன்னொன்றையும் எழுதித்தான் ஆகவேண்டும். நாம் சினிமா பார்க்கிறதில்லை, நகை போடுகிறதில்லை. ஆனால் நம் வீட்டுப் பையனுக்குப் பெண் தேடும்போது "இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற" என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே "சிவந்த நிறம்" என்றும் எழுதுகிறோமே! என் தங்கச்சி மகள் கறுப்பு. போன வருஷம் வந்த விசுவாசக் குடும்பம் ஒன்று போட்டோவைப் பார்த்துவிட்டு, ஜெபித்துச் சொல்கிறோம் என்று போனது. இன்றுவரை பதில் இல்லை. அவள் முகத்துக்கு முதலில் விலை போட்டது சென்னைக்காரர் இல்லை, நாம்தான்.

உலகமும் இதைத்தான் செய்தது. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல்தான் க்ளோ அண்ட் லவ்லி என்று பேரை மாற்றிக்கொண்டது. கறுத்த நிறத்தை மட்டமாகக் காட்டி விளம்பரம் செய்யக்கூடாது என்று விளம்பரத் தர அமைப்பு விதி கொண்டுவந்தது 2014-ல். அதற்கு முன்பே, 2009-ல், சென்னையில் கவிதா இம்மானுவேல் என்ற சகோதரியின் விமன் ஆஃப் வர்த் அமைப்பு கறுப்பும் அழகே என்று பிரசாரம் தொடங்கியிருந்தது. நம் சபைகளில் எத்தனை பேர் அதைக் காதுகொடுத்துக் கேட்டோம்? உன்னதப்பாட்டில் வருகிறவளும் திராட்சத்தோட்டம் காத்து வெயிலில் கறுத்தவள்தான். போடிமெட்டு ஏறித் தோட்ட வேலைக்குப் போகிற நம் பெண்களைப் போல.

வேதத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஈசாயின் வீட்டில் எலியாபின் உயரத்தைப் பார்த்து சாமுவேல் தீர்க்கதரிசியே ஏமாந்தார். கர்த்தர் இருதயத்தைப் பார்க்கிறவர் என்று அங்கே கற்றுக்கொண்டார். இதைப் பிரசங்கத்தில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். அதே அதிகாரத்தில் தாவீதும் பார்வைக்கு அழகானவன் என்று எழுதியிருப்பதை மட்டும் தாண்டிப் போய்விடுகிறோம். அழகு பாவம் இல்லை. எஸ்தரை ஒரு வருஷம் தைலமும் வாசனையும் பூசி நிறுத்தினார்கள். அவளிடம் யாரும் விருப்பம் கேட்கவில்லை. வஸ்தியை விருந்துக்காரர் முன்னால் அழகு காட்டக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றாள், கிரீடம் போனது. வஸ்தியைக் கீழ்ப்படியாதவள் என்றே பேசிப் பழகிவிட்டோம். எனக்கு அன்று அவள்மேல் மரியாதை வந்தது. பாஸ்டர் ஐயா மன்னிக்கவேண்டும்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். பிறகு விசாரித்தால், அந்தச் சென்னைக்காரர் போட்டோ ஆல்பத்துக்கும் பதிவுக்கும் சேர்த்து முப்பதாயிரம் முன்பணம் கேட்டிருக்கிறார். தங்கச்சி காதுத்தோட்டை விற்கலாம் என்றால் நம் வீட்டில் தோடு ஏது? வேலை கொடுக்கிற நல்ல ஏஜென்சி, கிடைத்த கூலியில்தான் கமிஷன் பிடிக்கும். வேலைக்கு முன்னாலேயே பணம் கேட்கிறவன் விற்பது வேலையை இல்லை, ஆசையை. அவரை விட்டுவிட்டாள். 2018-ல் மிஸ் இந்தியா ஆன அனுகிரீத்தி வாஸ் நம் திருச்சிப் பெண், தாய் தனியாக வளர்த்தவர், லயோலாவில் படித்துக்கொண்டிருந்தவர் என்று என்னிடம் சொன்னாள். நல்லதுதான், ஆனால் அந்த மேடை வரை போகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மற்றவர்கள் ஜவுளிக்கடைக்கும் நகைக்கடைக்கும் நாள்கூலிக்கு நிற்கிறவர்கள்.

நகைக்கடை என்றதும்தான் உண்மையான சண்டை வந்தது. அவளுக்குக் காது குத்தவே இல்லை. "நீ போடாத நகையை மத்தவங்க வாங்கணும்னு சிரிச்சுக் காட்டுவியா? அது இரண்டு நாக்கு இல்லையா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "பெரியம்மா, நீங்க பிரிக்கிற ஏலக்காய் பான் மசாலாக் கம்பெனிக்கும் போகுதுல்ல?" என்றாள்.

போகிறது. எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. மூட்டை எங்கே போகிறது என்பது என் கையில் இல்லை, உன் முகம் எங்கே போகிறது என்பது உன் கையில் இருக்கிறது என்று சொன்னேன். சொல்லும்போதே அது அரைப் பதில் என்று தெரிந்தது.

வேறொரு இடத்தில் துணிக்கடை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். 2010 கடைசியில் நின்ற நம்மூர் ரயில் 2023-ல் திரும்பி வந்ததே, அதில்தான் தாயும் மகளும் போகிறார்கள். படத்தை எதற்கெல்லாம், எத்தனை நாள் போடுவார்கள் என்று எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதே, அம்மா இல்லாமல் எந்த அறைக்கும் போகாதே, ஒத்துவராத துணியைக் கொடுத்தால் பஸ் பிடித்தாவது வந்துவிடு என்று சொல்லி அனுப்புகிறேன். நகைக்கடை விஷயத்தை நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவளுக்காக ஜெபியுங்கள். எனக்காகவும்.